வலது பக்கக் குமிழ்

போன மாதம் பிள்ளைச்சாவடியில் ஒரு வீட்டு மாடியில் புதிதாக ஒலிப்பதிவு அறை தொடங்கிய இளம் தம்பதி, என்னை ஒரு முறை வந்து பார்க்கும்படி அழைத்திருந்தார்கள். பாட வருகிறவர்களுக்காக நான்கு ஹெட்போன் வாங்க வேண்டும், பின்பக்கம் மூடிய வகை, எதை வாங்கலாம் என்பது அவர்கள் கேள்வி. இப்போது இருப்பதைக் காட்டுங்கள் என்று வாங்கித் தலையில் மாட்டினேன். அந்தப் பெண் பாட்டை ஓடவிட்டாள். மறுகணமே அதைப் பிடுங்கி மேசையில் போட்டுவிட்டேன். சத்தம் அப்படி இருந்தது. அவர்கள் பயந்துபோனார்கள். வயதானவளுக்குச் சத்தம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்திருப்பார்கள். தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

எதை வாங்கலாம் என்று அன்று நான் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுத உட்கார்ந்தால், ஒரு பிற்பகலைப் பற்றி எழுதாமல் ஹெட்போனைப் பற்றி எழுத முடியவில்லை. பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய பிற்பகல் அது.

என் பெயர் நூர்ஜகான். சாரம் பகுதியில் ஒரு தனியார் ஒலிப்பதிவு நிலையத்தில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்து, இரண்டு வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றேன். அத்தா தையல்காரர். நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, ஒயர் பற்றவைக்கத் தெரிந்த ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தேன். முதல் சில வருடங்கள் ஒயர்தான் என் உலகம். மைக் ஒயர், எலி கடித்த ஒயர், கடல் காற்றில் பச்சை பூத்த பிளக். மாதா கோயில் பாட்டு, நோன்பு மாதத்துக்கு முன்னால் இஸ்லாமியப் பாடல்கள், கடை விளம்பரம், பிரெஞ்சு கற்றுத்தரும் பாடம், பள்ளிக்கூடப் பாட்டு எல்லாம் அங்கே பதிவாகும்.

பதிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் மிஷேல் சார். அவருடைய அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். சார் பாரிசில் ஒலிப்பதிவு படித்துவிட்டு, அங்கே இருக்கப் பிடிக்காமல் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். பதிவு தொடங்கும் முன் சுட்டுவிரலைத் தூக்கி, “எகூத்” என்பார். கவனித்துக் கேள் என்பதற்கான பிரெஞ்சு வார்த்தை அது. அதைக் கேட்டதும் டோலக் வாசிக்கிறவர்கூட வெற்றிலை மெல்வதை நிறுத்திவிடுவார். ஏதாவது வேலை செய்யவில்லை என்று நான் போய் நின்றால் எப்போதும் ஒரே பதில்தான் வரும். “மொதல்ல ஒயரப் பாரு. அப்புறம் மிஷினப் பாரு. மனுஷன கடைசியா பாரு.”

ஹெட்போன் வாங்குவதென்றால் அவருக்கு ஒரு முழுப் பகல் வேண்டும். முதல் அரை மணி நேரம் எதையும் ஓடவிடாமல் சும்மா மாட்டிக்கொண்டு வேறு வேலை பார்ப்பார். நம் ஊர்ப் புழுக்கத்தில் காது வேர்த்து மெத்தை ஒட்டிக்கொண்டால், பாடுகிறவர் பத்து நிமிடத்தில் எரிச்சலாகிவிடுவார். உச்சந்தலையில் அழுத்துகிறதா, வாயைத் திறந்து பாடும்போது நழுவுகிறதா என்று தாடையை அகலமாக அசைத்துப் பார்ப்பார்.

அடுத்தது கசிவு. பின்பக்கம் திறந்த ஹெட்போனில் பாட்டு விசாலமாகக் கேட்கும், நல்ல அறையில் உட்கார்ந்து கேட்பது போல. பதிவு முடிந்தபின் எல்லாவற்றையும் சேர்த்துக் கலக்கும் வேலைக்கு அது நல்லது. ஆனால் அதை மாட்டிக்கொண்டு ஒருவர் மைக் முன்னால் நின்றால், காதில் ஓடும் தாளம் வெளியே கசிந்து மைக்கில் ஏறிவிடும். பிறகு குரலுக்குப் பின்னால் சுவர்க்கடிகாரம் போல டிக் டிக்கென்று கேட்டுக்கொண்டே இருக்கும். எடுக்கவே முடியாது. அதனால்தான் பாடுகிறவருக்கு மூடிய வகை. சார் ஒரு துண்டை இறுக்கிச் சுருட்டி, அதற்கு ஹெட்போனை மாட்டி, மைக்குக்கு ஒரு சாண் தள்ளி வைத்து, தாளத்தை மட்டும் ஓடவிட்டுப் பதிவு செய்வார். எந்த ஹெட்போனில் மைக்குக்கு ஒன்றுமே எட்டவில்லையோ அதைத் தனியாக எடுத்து வைப்பார்.

பிறகு என்னைக் கூப்பிடுவார். என் முக்காட்டின் மேலேயே மாட்டச் சொல்வார். அப்புறம் துணிக்கு உள்ளே மாட்டச் சொல்வார். முக்காட்டுத் துணியோ, ஜிமிக்கியோ, மூக்குக்கண்ணாடியின் காம்போ நடுவில் வந்தால் மெத்தை காதைச் சுற்றி முழுதாக மூடாது. கனமான கீழ்ச்சத்தம் அந்த இடைவெளியில் ஒழுகிப் போய்விடும். அந்த இழப்பு எதில் குறைவோ அதைத்தான் வாங்குவார்.

கடைசிச் சோதனை, திருப்பி மாட்டிப் பார்ப்பது. நன்றாகப் பழகிய ஒரு குரல் பதிவைப் போட்டால், குரல் நெற்றிக்கு நேர் நடுவில் நிற்க வேண்டும். இடதை வலது காதிலும் வலதை இடது காதிலும் மாற்றிப் போட்டாலும் அங்கேயேதான் நிற்க வேண்டும். மாற்றிப் போட்டதும் குரல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கம் தாவினால் ஹெட்போனில் கோளாறு. எப்படி மாட்டினாலும் ஒரே காதுப் பக்கம் ஒதுங்கினால், கோளாறு கேட்கிறவருடைய காதில். இதையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான்.

இருபது வருடம் அந்தக் கடைசிச் சோதனையை அவரே செய்தார். பிறகு ஒரு நாள், என் காதைவிட உன் காது இளசு, இனிமேல் இதை நீ பார் என்று என்னிடம் கொடுத்துவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வீட்டுக்காரரிடம் இரண்டு நாள் அதையே பேசினேன். நான் மாட்டிக் கேட்கும்போது சார் எதிரே நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். என்னைப் பரீட்சை பண்ணுகிறார் என்று நினைத்துக்கொள்வேன்.

பாடும் அறைக்குச் சத்தம் அனுப்ப சாரே செய்த பெட்டி ஒன்று இருந்தது. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க இடதுக்கு ஒரு குமிழ், வலதுக்கு ஒரு குமிழ். பேச்சில் நாப் என்போம். அதிலிருந்தே ஒரு இணைப்பு சாருடைய ஹெட்போனுக்கும் போகும். பாடுகிறவர் காதில் என்ன விழுகிறதோ அதையேதான் தானும் கேட்க வேண்டும் என்பார். அந்தக் குமிழ்களை வேறு யாரும் தொடக் கூடாது. சார் அந்தக் கடைசிச் சோதனையை என்னிடம் கொடுத்த பின் வந்த நான்கு வருடங்களில், பாட வந்தவர்களில் மூன்று நான்கு பேர் என்னிடம் தனியாக, வலது பக்கம் கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். சார் அந்தப் பக்கம் போன நேரத்தில் நான் சத்தமில்லாமல் இறக்கி வைத்துவிடுவேன். பெட்டி பழசாகிவிட்டது என்று நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை.

ஜெயந்தி அப்போது இசைக் கல்லூரியில் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தாள். குருசுக்குப்பத்துப் பெண். அப்பா கடலுக்குப் போகிறவர், அம்மா மீன் விற்கிறவர். பள்ளிக்கூடப் பாட்டுகளுக்குக் குரல் கொடுக்க வாரம் ஒரு முறை எங்களிடம் வருவாள். அடுத்த மாதம் வானொலிக்கான குரல் தேர்வு இருந்தது. அதற்காகக் குளிர்ந்த தண்ணீரைக்கூடத் தொடாமல் இருந்தாள்.

அன்று காலை சாருடைய ஹெட்போன் கரகரவென்று கேட்டது. பிளக்கை உப்பு அரித்திருந்தது. வெட்டி எறிந்துவிட்டுப் புதுப் பிளக் போட உட்கார்ந்தேன். மூன்று ஒயர். பொதுவான ஒயரைப் பற்றவைத்தேன், இடது பக்கத்தைப் பற்றவைத்தேன். ஈயம் தீர்ந்துவிட்டது. சாப்பாட்டு நேரமும் ஆகிவிட்டது. ஜெயந்தி மூன்று மணிக்குத்தான் வருவாள், சாப்பிட்டுத் திரும்பும்போது நான் ஈயம் வாங்கி வந்து முடித்துவிடலாம் என்று, ஒயர் ஆடாமல் இருக்கப் பிளக்கின் மூடியைத் திருகி மேசை மேலேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். பார்க்கிறவருக்கு அது வேலை முடிந்த ஹெட்போன். ஒரு சீட்டுக்கூட நான் ஒட்டவில்லை.

கல்லூரியில் ஒரு வகுப்பு நடக்காததால் ஜெயந்தி இரண்டு மணிக்கே வந்துவிட்டாள். நான் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது பதிவு தொடங்கியிருந்தது. சார் தன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு குனிந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஜெயந்தி ஒரு கையைத் தூக்கினாள். அவள் வாய் ஏதோ சொன்னது. சார் நிமிரவில்லை. அதுவரை தம்புரா மட்டும் ஓடிக்கொண்டிருந்த பாட்டில், அந்த நொடியில் தவிலும் தாளமும் ஒன்றாக இறங்கின.

அவள் கத்தியது எங்களுக்குக் கேட்கவில்லை. ஹெட்போனை இழுத்து எறிந்துவிட்டு, வலது காதைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்ததைத்தான் பார்த்தேன்.

நான் ஓடிப்போய்ப் பாட்டை நிறுத்தினேன். சார் என்ன நடந்தது என்று புரியாமல் என்னைப் பார்த்தார். அவர் கை இன்னும் வலது குமிழின் மேலேயே இருந்தது. குமிழ் கடைசி வரை திரும்பியிருந்தது. அவர் தலையில் இருந்தது, வலது பக்க ஒயரை நான் பற்றவைக்காமல் விட்டுப்போன ஹெட்போன்.

சார் எழுந்து ஜெயந்தியிடம் போனார். அடுத்து நான் செய்ததை இத்தனை வருடம் யாருக்கும் எழுத்தில் சொன்னதில்லை. அவர் கழற்றி வைத்த ஹெட்போனைப் பெட்டியிலிருந்து உருவி, டிராயரில் போட்டு மூடினேன். அதன் பிறகுதான் அவர்கள் பின்னால் ஓடினேன்.

ஆட்டோவில் ஜெயந்தி அழவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு அடைத்த மாதிரி இருக்கிறது, உள்ளே கீச்சென்று ஒரு சத்தம் நிற்காமல் ஓடுகிறது என்று மெல்லிய குரலில் சொன்னாள். ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பார்த்தார். சவ்வு கிழியவில்லை, உள்காதில் அதிர்ச்சி, எவ்வளவு திரும்பி வரும் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்து, கேட்கும் திறனைச் சோதித்துப் பார்க்க அனுப்பினார்.

அதற்குள் ஜெயந்தியின் அம்மா வந்துவிட்டார். மீன் விற்ற புடவையோடு, நடந்தும் ஓடியும் வந்திருந்தார். சத்தம் போடவில்லை. சாரின் முன்னால் வந்து நின்றார்.

“பாட்டுப் பாடத்தான அனுப்புனேன். காதக் குடுத்துட்டு வான்னா அனுப்புனேன்?”

“என் தப்புதாம்மா. நாப்பத் திருப்புனது நான்தான்” என்றார் சார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

சோதனை அறை சின்னதாக, கண்ணாடி ஜன்னல் வைத்து, எங்கள் பாடும் அறை மாதிரியே இருந்தது. உள்ளே மாட்டிக்கொள்வதும் மூடிய ஹெட்போன்தான். சத்தம் கேட்டால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். ஜெயந்தியைச் சோதித்து முடித்ததும், என்னையும் பார்த்துவிடுவீர்களா என்று சார் சோதனை செய்த பெண்ணிடம் கேட்டார். ஏன் கேட்கிறார் என்று எனக்குப் புரியவில்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடது காதுக்குச் சார் டக் டக்கென்று அழுத்தினார். அந்தப் பெண் வலது காதுக்கு மாற்றினாள். அவர் அழுத்தவில்லை. அவள் சத்தத்தை ஏற்றினாள். அழுத்தவில்லை. இன்னும் ஏற்றினாள். சார் அந்த நேரம் முழுக்கக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எப்போது அழுத்த வேண்டும் என்பதை என் முகத்திலிருந்து தெரிந்துகொள்ளப் பார்த்தார்.

நான்கு வருடமாக ஒவ்வொரு ஹெட்போன் சோதனையிலும் அதே பார்வை. என்னை அவர் பரீட்சை பண்ணவே இல்லை. தனக்குக் கேட்காததை என் முகத்தில் படித்துக்கொண்டிருந்தார். என் காது இளசு என்று கொடுத்தது பதவி உயர்வு இல்லை.

அந்தப் பெண் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். போய் நடையில் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் சாரும் வந்து உட்கார்ந்தார்.

நாலு வருடத்துக்கு மேலாக வலது காது கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே வந்தது என்று சொன்னார். மனைவிக்குக்கூடத் தெரியாதாம். இரண்டு பக்கமும் சமமாகக் கேட்கும்வரை வலது குமிழைச் சற்றே ஏற்றி வைத்துக்கொள்வாராம். அதிகமில்லை, ஒரு நூலளவு என்று நினைத்திருக்கிறார்.

“இன்னிக்கு சுத்தமா ஒண்ணுமே விழல. அந்தக் கொஞ்சமும் போயிடுச்சுன்னு நெனச்சேன். இன்னும் ஏதாச்சும் மிச்சம் இருக்குதான்னு பாக்கத்தான் திருப்புனேன். திருப்பிக்கினே போயிட்டேன். உள்ள அந்தப் பொண்ணு நிக்கறதே மறந்துபோச்சு.”

அப்போதும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று ஒரு எண்ணம் வந்தது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவரே எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் தன் காது அன்றோடு முழுதாகச் செத்துவிட்டது என்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனிதரின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு எப்படிச் சொல்லாமல் இருப்பது?

“சார், அது ஒயரு.”

அவர் இடது காதை என் பக்கம் திருப்பினார்.

“வலது பக்கம் நான் இன்னும் பத்தவைக்கல சார். மூடிய மட்டும் திருகி வெச்சிட்டு சாப்புடப் போயிட்டேன். அதுல யாருக்குமே கேட்டிருக்காது. நீங்க ஜெயந்திகிட்டப் போனதும் எடுத்து டிராயர்ல ஒளிச்சிட்டேன்.”

சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார். “ஒயரா” என்றார். மறுபடியும், “ஒயருதானா” என்றார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

“இத்தினி வருஷமா ஒனக்கு இன்னா சொல்லிக்குடுத்தேன். மொதல்ல ஒயரப் பாருன்னு. நான் மொதல்ல என்னையப் பாத்துட்டேன் நூர்ஜகான்.”

இருவரும் எழுந்து ஜெயந்தியின் அம்மாவிடம் போனோம். அரைகுறையாக விட்ட ஹெட்போனைப் பற்றி நான் சொன்னேன். தன் காதைப் பற்றி சார் சொன்னார். அந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“ஆளுக்கு ஒண்ணு சொல்றீங்க. எம் பொண்ணுக்கு எப்ப கேக்கும்? அத சொல்லுங்க மொதல்ல.”



மறுநாள் சார் நிலையத்தின் பதிவேட்டில் நடந்ததைத் தன் கையெழுத்தில் எழுதினார். தன் காதையும் எழுதினார். என் பங்கை எழுதாமல் கொஞ்சம் இடம் விட்டு, பேனாவை என்னிடம் நீட்டினார். நானே எழுதினேன். முதலாளியிடம் இருவரும் சேர்ந்தே போய்ச் சொன்னோம். அவர் என்னை வேலையை விட்டு அனுப்பவில்லை. சார் தானாகவே பதிவில் உட்காருவதை நிறுத்திக்கொண்டார். ஒரு வாரம் உட்கார்ந்து அந்தப் பெட்டியைப் பிரித்து, இரண்டு குமிழையும் எடுத்துவிட்டு ஒரே குமிழாக மாற்றினார். அதுவும் பாதிக்கு மேல் திரும்பாதபடி உள்ளே ஒரு தடை வைத்தார். சில மாதம் கழித்து மகளோடு இருக்கப் பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கே காதுக் கருவி வைத்துக்கொண்டதாகப் பிறகு கடிதம் எழுதினார்.

ஜெயந்திக்கு மூன்று வாரத்தில் பஞ்சு அடைத்தது போலிருந்தது விலகியது. மிக மெல்லிய மேல்சத்தங்கள் மட்டும் வலது காதில் முழுதாகத் திரும்பவில்லை என்று டாக்டர் சொன்னார். அந்த வருடக் குரல் தேர்வுக்கு அவளால் போக முடியவில்லை. அவள் அம்மா எட்டு மாதம் அவளை எங்கள் வாசல் பக்கமே அனுப்பவில்லை. பிறகு அவளாகவே ஒரு நாள் வந்து நின்றாள். குமிழை அவள் பக்கத்திலேயே வைத்துவிட வேண்டும், தானே வைத்துக்கொள்கிறேன் என்றாள். அன்றிலிருந்து பாடுகிறவர் கைக்கு எட்டும் இடத்தில்தான் எங்கள் குமிழ் இருந்தது.

பிள்ளைச்சாவடிப் பிள்ளைகளுக்கு நான் எழுத வேண்டியது இதுதான். மெத்தை கழற்றி மாற்றக்கூடியதாக வாங்குங்கள். நம் ஊர் வேர்வைக்கு ஒரு வருடத்தில் தோல் உரிந்துவிடும், உரிந்தால் கசியும். ஒயர் தனியாகக் கழற்றக்கூடியதாக இருக்கட்டும். துண்டைச் சுருட்டிக் கசிவைப் பாருங்கள். திருப்பி மாட்டிப் பாருங்கள், ஒருவர் மட்டும் பார்க்காமல் இருவரும் பாருங்கள். மூடிய ஹெட்போன் வெளியுலகத்தை அடைத்துவிடும். அதற்குள் சத்தம் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்க வேறு எதுவும் இருக்காது. நூலளவு நூலளவாக ஏறிக்கொண்டே போவது உங்களுக்கே தெரியாது. பாடுகிறவர் மாட்டும் முன் குமிழைப் பூஜ்யத்தில் வையுங்கள். பாட்டில் எந்த இடம் பலமாக இருக்கிறதோ அந்த இடத்தை ஓடவிட்டு, அவருடைய ஹெட்போனை நீங்கள் முதலில் மாட்டிப் பாருங்கள். பாதி வேலையில் இருக்கும் ஹெட்போனில் பிளக்கே இருக்கக் கூடாது. எழுந்து போவதானால் வெட்டிவிட்டுப் போங்கள். வருடம் ஒரு முறை உங்கள் காதைச் சோதித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளை ஒளிக்காதீர்கள்.

இதை எழுதலாமா என்று கேட்க நேற்று ஜெயந்திக்குப் போன் செய்தேன். அவள் இப்போது ஒரு பள்ளியில் பாட்டு டீச்சர். மேடைகளிலும் பாடுகிறாள். கிறிஸ்துமசுக்கு நான் அவள் வீட்டுக்குப் போவேன், பெருநாளைக்கு அவள் என் வீட்டுக்கு வருவாள். ஒவ்வொரு முறையும் அந்தக் கீச்சுச் சத்தம் நின்றதா என்று கேட்பேன். முதல் இரண்டு வருடம் குறைந்திருக்கிறது என்றாள். மூன்றாம் வருடம், அது போய்விட்டது என்றாள். அன்று நான் வீட்டில் இரண்டு ரக்அத் நன்றித் தொழுகை தொழுதேன்.

“எழுதுங்கக்கா. எம் பேரக்கூடப் போட்டுக்குங்க” என்றாள். “ஆனா அந்த சத்தம் போயிடுச்சுன்னு மட்டும் எழுதிடாதீங்க.”

ஏன் என்று கேட்டேன்.

“அது போகவே இல்லக்கா. நீங்க கேக்கும்போதெல்லாம் ஒங்க மொகம் ஒரு மாதிரி ஆயிடும். பாக்க முடியல. அதனால போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.”

இப்போதும் கேட்கிறதா என்று கேட்டேன்.

“இப்பவும் ஓடிக்கினுதான் இருக்கு. எந்த ஸ்வரத்துலயும் சேராது அது. அது மேல படாம பாடப் பழகிட்டேன்.”

அப்படியே எழுதுகிறேன் என்று சொன்னேன்.